குழம்பு ஆறுது

பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் புது மெயில் சர்வர் போடப் போன முதல் நாளே பழையதைச் சுத்தமாக அழித்துவிட்டேன். மெயில்களை எடுத்து வைத்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும் என்பது அழித்த பிறகு நினைவுக்கு வந்தது. நம்ம திறமை அப்படி.

முதலாளி திட்டியதைத் தாங்கிக்கொண்டேன். கட்டிங் மாஸ்டர் அந்தோணிராஜ் காலி இன்பாக்ஸைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்ததைத்தான் தாங்க முடியவில்லை. மாடி ஆபீசில் வேலை பார்த்து, போன வருஷம் இறந்துபோன அவர் மனைவி விஜயராணி, மதியமானால் கீழே கட்டிங்கில் இருக்கும் அவருக்குச் சாப்பிடக் கூப்பிட்டு அனுப்பியிருந்த மெயில்களும் அதோடு போய்விட்டன.

மறுநாள் மதியம் புது சர்வரில் முதல் மெயில் வந்தது, அந்தோணிராஜுக்கு. அனுப்பியவர் விஜயராணி. அந்தப் பெயரில் நான் கணக்கே திறக்கவில்லை.

"குழம்பு ஆறுது, வாங்க."

முதலாளியைக் கேட்டேன். "வைரஸா இருக்குமுங்க" என்றார். ஆபீஸ் பிரியங்கா, "சர்வர் போட்டது நீங்க, எங்களக் கேட்டா எப்படிங்க?" என்றாள்.

டிபன் பாக்ஸோடு எழுந்த அந்தோணிராஜிடம் போனேன். "ஏனுங்கண்ணா, இது யாரு அனுப்புனதுங்க?"

"அவதான் தம்பி" என்றார். "நீங்க அழிச்சது பூரா அவ போனப்புறம் வந்ததுதான். இருந்தப்ப அவ எனக்கு மெயிலே போட்டதில்ல. மாடிப்படியில நின்னு சத்தமாக் கூப்பிடுவா."