முன்பல் இரண்டு

"ரெண்டையும் எடுத்துத்தான் ஆகணும்" என்றார் பல் டாக்டர் பொன்னுத்துரை.

நாற்காலியில் மல்லாந்திருந்த அப்பாஸ் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். "அய்யா, மேல் முன்பல்லுங்கய்யா! அது இல்லாட்டி டிரம்பெட் வாயில நிக்காது. காத்து பொசுக்குன்னு போயிரும்."

"சீழ் ஏறிருச்சு. இன்னும் ரெண்டு நாள் விட்டா உசுருக்கே ஆபத்து."

சுவரோரம் நின்ற மனைவி கமர்ஜஹான், "யா அல்லா!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திண்டுக்கல் வட்டாரத்தில் கல்யாண ஊர்வலம் என்றால் அப்பாஸ் ஊதும் பேண்டு செட்டைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அவன் உயிர் வேறொன்றில் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன், இரண்டாம் உலக யுத்தத்தின்போது, அசாம் முகாமுக்குச் சமையல் வேலைக்குப் போனவனுக்கு ஓர் அமெரிக்கக் கறுப்புச் சிப்பாய் சொல்லிக்கொடுத்த ஜாஸ், புளூஸ் என்ற அவர்கள் நாட்டுச் சங்கீதம்தான் அது. அதை ஊதத்தான் கோடை சீசனில் கொடைக்கானல் ஹோட்டலில் அவனை அழைத்தார்கள். அந்த இரண்டு மாதத்துக்காகவே மிச்சம் பத்து மாதமும் அவன் வெயிலில் நடந்து ஊதினான்.

இப்போது முனியப்பனின் முகம் கண்முன் வந்து நின்றது. அவனும் டிரம்பெட்காரன்தான். சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் போனது. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் முறுக்கு விற்கிறான். பேண்டு சத்தம் கேட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு எதிர்த்திசையில் போய்விடுகிறான்.

"எனக்கு வேற தொழில் தெரியாதுங்கய்யா..."

"வாயத் தொற."

ஊசி இறங்கியது. குறடு பளபளத்தது. அப்பாஸ் கண்ணை இறுக்கிக்கொண்டான். மண்டைக்குள் 'நறுக்' என்று ஒரு சத்தம். செத்த நேரத்தில் இன்னொன்று.

நாக்கால் தடவிப் பார்த்தான். வெறும் பள்ளம்.

சித்தையன்கோட்டைக் கல்யாணத்திலிருந்து நேராக வந்திருந்ததால் டிரம்பெட் பெட்டி காலடியிலேயே கிடந்தது. அதைத் தள்ளிவிட்டு, வாயில் வைத்த பஞ்சினூடே குழறினான். "இத யாருக்காச்சும் குடுத்துருங்கய்யா. வீட்டுல வச்சுப் பாக்க எனக்குத் தைரியமில்ல."

டாக்டர் பெட்டியைத் திறந்தார். ஊதுவாயை ஸ்பிரிட்டால் துடைத்தார். ஜன்னலருகே போய் உதட்டில் வைத்தார்.

புளூஸ்! தாழ்ந்து, இழுத்து, தேம்பித் தேம்பி வந்தது. அப்பாஸ் எப்போதும் தடுமாறும் ஓர் இடத்தை அவர் சிரமமே இல்லாமல் கடந்து போனார்.

"கல்கத்தாவுல படிக்கிறப்ப ஹோட்டல்ல ஊதுனேன். இன்னைக்கும் வீட்டுல ஊதுறேன்" என்றார்.

அப்பாசுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்னங்கய்யா! பல்லு முத்து மாதிரி வரிசையா இருக்கு. ஊதுவீங்க."

டாக்டர் டிரம்பெட்டை அவன் மடியில் வைத்தார். பிறகு வாய்க்குள் கைவிட்டு, மேல் வரிசைப் பல்லை அப்படியே மொத்தமாகக் கழற்றித் தம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு, ஒட்டிப்போன உதட்டோடு சிரித்தார்.

"எனக்கு அம்புட்டும் போச்சு. ஒனக்கு ரெண்டுதானப்பா?"