எய்னருக்காக ஒரு முழுக்கு

"முதல்ல தண்ணியில இறங்கு. அப்புறம் பேசலாம்" என்றார் தோர்கில்.

குளிர்காலக் கடற்குளியல் சங்கத்தின் தலைவர் அவர். மரப்பாலத்தின் நுனியில் இடுப்பில் ஒரு துண்டோடு, வெயில் காய வந்தவரைப் போல நின்றார். கீழே, நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கடல்கழியான பிப்ரவரி மாதத்து ஃபியோர்டு. அன்றைய குளிரில் கடற்காகங்கள்கூடக் கத்துவதை மறுநாளுக்குத் தள்ளிப்போட்டிருந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"நான் கேட்கறது உங்க சங்கத்தோட இணையதளத்துல ஒரே ஒரு வரி" என்றாள் போடில், கோட்டை இறுக்கிக்கொண்டு. "உங்க படகுக் கொட்டகைக்குக் காப்பீடு செஞ்சு குடுத்தவர் எய்னர்னு போட்டு, அவன் தளத்துக்கு ஒரு இணைப்பு. அதுக்கு நான் எதுக்குச் சாகணும்?"

"இறங்காதவங்க கேட்டு இந்தச் சங்கம் எதையும் செஞ்சதில்ல, அம்மணி. போன வருஷம் மேயர் வந்து நின்னாரு. அவரையும் முக்கித்தான் எடுத்தோம்."

"அப்போ எய்னரையே கூப்பிட்டு முக்கு."

"அவனா? வெந்நீர்ல கை கழுவவே ரெண்டு நாள் யோசிப்பான். அது சரி, யாரோ ஒருத்தன்கிட்ட காசு குடுத்து ஆயிரக்கணக்குல இணைப்பு வாங்கினானே, அதெல்லாம் என்னாச்சு?"

போடில் பெருமூச்சு விட்டாள். அது வாயை விட்டு வந்ததுமே பனிப்புகையாகி நின்றது.

"வந்துது. எங்கேருந்து வந்துது? பிரேசில்ல கோழித்தீவனம் விக்கறவன், வழுக்கைக்குத் தைலம் விக்கறவன், சூதாட்டம் நடத்தறவன். இவங்கள்லாம் சேர்ந்து எய்னர் நல்லவன்னு சாட்சி சொன்னா கூகுள் என்ன நினைக்கும்? தூக்கி ஒன்பதாம் பக்கத்துல போட்டுடுச்சு. அந்தப் பக்கத்தை எவன் பார்க்கறான்? ஊரு நம்பற தளம் சொல்லணும் தோர்கில். பேக்கரிக்காரி போட்டுட்டா. தேவாலயத்துல போட்டாச்சு. பேண்டு வாத்தியக்காரங்ககூட, நான் அவங்க ஒத்திகையை முழுசா உட்கார்ந்து கேட்டதுக்கப்புறம் போட்டாங்க. தண்ணி எவ்வளவு குளிருதுன்னு பார்க்க ஊரே தினமும் வர்றது உங்க தளத்துக்குத்தான்."

"போடலைன்னா?"

"ஈஸ்டருக்குள்ள புது வாடிக்கையாளருங்க வரலைன்னா அவன் ஆபீசை மூடிடுவோம்னு கோபன்ஹேகன் தலைமையகத்துலேருந்து சொல்லிட்டாங்க. அறுபத்தொரு வயசுல அவன் வேற எங்க போவான்? மீன் பிடிக்கப் போனா மீனுக்கே காப்பீடு எடுத்துக் குடுத்துட்டு வெறுங்கையோட திரும்புவான்."

தோர்கில் தாடியைச் சொறிந்தார். மனசு இளகியது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சங்கத்தின் விதி விதிதான். ஏணிப்படியைக் கைகாட்டிவிட்டு, மரியாதையாக முதுகைத் திருப்பிக்கொண்டு கலங்கரை விளக்கத்தை ஆராயத் தொடங்கினார்.

போடில் இறங்கினாள். அப்போது அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கரைப் பண்ணையில் பசுக்கள் அன்று முழுக்கப் பால் தர மறுத்துவிட்டனவாம். பண்ணைக்காரரே சொன்னது, அதனால் பொய்யாக இருக்க வழியில்லை. மேலே ஏறி வந்தபோது அவள் உதடுகள் நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தன.

"எப்படி இருந்துது?" என்றார் தோர்கில், திரும்பாமலே.

"மோசமில்ல" என்றாள், பற்கள் தந்தியடிக்க.

டென்மார்க்கின் இந்த யூட்லாந்துப் பக்கத்துக்காரர் வாயில் அதற்கு மேல் ஒரு பாராட்டு வந்ததாகச் சரித்திரம் கிடையாது. தோர்கில் உச்சி குளிர்ந்துபோய், துண்டோடு நின்றபடியே போனை எடுத்து இணைப்பைப் போட்டார்.

அதன்பிறகு எய்னரின் தளம் பக்கம் பக்கமாக மேலே ஏறியது. பனி உருகுவதற்குள் முதல் பக்கத்தின் அடியில் வந்து உட்கார்ந்தது. தொலைபேசி மணி என்ற ஒன்றையே மறந்திருந்த அவன் அலுவலகத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஈஸ்டருக்கு முந்தைய வாரம், அலுவலகம் தொடரட்டும் என்று தலைமையகம் சொல்லிவிட்டது.

அந்தச் செய்தி வந்த மறுநாள் காலை எய்னருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, போடில் ஊர்ப் பெயரையும் காப்பீடு என்ற சொல்லையும் தட்டித் தேடினாள். எல்லாருக்கும் மேலே, முதல் வரியில், எய்னர்.

அவன் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தான். "எனக்காகக் கடல்லகூட விழுந்திருக்கே. ஏன் போடில்?"

"நீ போயிட்டா நான் யார்கூடச் சண்டை போடறது? இருபது வருஷமா உன்மேல இருக்கற கோபத்துலதான் நான் காலையில எந்திரிக்கறேன். அலாரம்கூட வைக்கறதில்ல."

"ஒரு காபியாவது குடிச்சுட்டுப் போ."

"உன் காபியையா? அதுக்கு அந்தக் கடலே தேவலை."

கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சதுக்கத்தைக் குறுக்கே கடந்து, எதிர்வரிசையில் ஒரு கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். உள்ளே மேசைக்குப் பின்னால் அவளுடைய உதவியாளர் கெர்டா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஊரெல்லாம் போய்க் கெஞ்சினதுக்குப் பலன் கிடைச்சாச்சு. இத்தனை வருஷமா எவன் தேடினாலும் முதல்ல வந்துக்கிட்டிருந்த நம்ம காப்பீட்டு ஆபீஸ் இன்னிக்கு ரெண்டாவது, அவனுக்குக் கீழே. இப்ப சந்தோஷமா?"

"ரொம்ப" என்ற போடில், கைகளைத் தேய்த்துக்கொண்டு கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். "இப்ப வா, அவனைக் கீழே இறக்கலாம்."