ஜெபக் குறிப்புகளோடு ஒரு தாள்

புஷ்பபாயின் முன்னறையில் வீட்டு ஜெபத்துக்கு வந்தவர்கள் வாசல்வரை பாயில் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெபக் குறிப்பு எழுதிய சீட்டுகளை வைக்க மகள் ஜெஸ்மியின் வேதாகமத்தை புஷ்பபாய்தான் எடுத்துக் கொடுத்தாள். பெங்களூரில் படிப்பு முடிந்து வந்த ஜெஸ்மி தனக்கென்று எழுதி, பன்னிரண்டு நாளாக அதற்குள் மடித்து வைத்திருந்த தாளும் சீட்டுகளோடு ஜெபம் நடத்தும் சுவாமிதாஸ் மாமாவின் கையில் இருக்கிறது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரக்க வாசிக்கிறார். "காலையில அரை மணி நேரம் நடக்கணும். சீனி இல்லாத சாயா. பத்து மணிக்கு உறக்கம்." யாரோ சிரிக்கிறார்கள். "இதுக்கெல்லாமா பிள்ளே ஜெபம்?" என்கிறார் மாமா. மின்விசிறிக் காற்றில் தாளின் நுனி துடிக்கிறது. ஜெஸ்மி எட்டிப் பறிப்பதற்குள் நாலாவது வரியும் வந்துவிடுகிறது. "அம்மை ஏசும்போ எதிர்த்துப் பேசாம வெளியே போயிரணும்." சிரிப்பு நின்றுபோகிறது. "கேட்டியளா?" என்கிறாள் புஷ்பபாய், எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து. "சீனியும் நானும் இவளுக்கு ஒண்ணாக்கும்." ஜெஸ்மி வெளியே போக எழும்புகிறாள். வாசல்வரை மடித்த முழங்கால்கள், ஒருவரும் நகரவில்லை. "இரி பிள்ளே, ஜெபிக்கப் போறோம்," என்கிறார் மாமா. எல்லாக் கண்களும் மூடுகின்றன. அம்மாவின் கை அவள் தலையில் விழுந்து கீழே அழுத்துகிறது. "கர்த்தாவே, இவளுக்க கல்நெஞ்சை மாத்தும்!" ஜெஸ்மி முழங்காலிடுகிறாள். ஆமென் அடங்கியதும் அம்மா சாயாவை நீட்டுகிறாள். கிளாசின் அடியில் கரையாத சீனி கிடக்கிறது. "குடி மக்கா." எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசிச் சீனிவரை அவள் குடிக்கிறாள்.