ஓணான் டாக்டர்

"ரூத் தாயே, சூட்டைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா? உள்பனியன் வரைக்கும் நனைஞ்சுபோச்சு."

கெஞ்சியவர் கை ஒட்டுவதில் பேர்போன சர்ஜன் லாஃபர்ட்டி.

"கூடாது" என்றார் மயக்க டாக்டர் ரூத் யோடர், தலைமாட்டில் தொங்கிய மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

வெளியே பிலடெல்பியா பனியில் விறைத்துக் கிடந்தது. அறுவை அறைக்குள் பீட்சா மாவை வைத்தால் பொங்கியிருக்கும்.

மேஜையில் ஏழு வயது டெலானி. விஷக் காய்ச்சல் கொண்டுபோன இரண்டு கைகளுக்குப் பதிலாக, இறந்துபோன ஒரு பிள்ளையின் கைகளைக் காலையிலிருந்து பொருத்திக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர்களின் நெற்றி வியர்வை சொட்டுவதற்குள் ஒற்றி எடுப்பது நர்ஸ் கார்மெலாவின் வேலை. கார்மெலாவுக்கு ஒற்றிவிடத்தான் ஆளில்லை.

சூடான காற்று ஊதும் போர்வைதான் பிள்ளைக்குப் போட்டிருக்கிறதே, அறையை வேறு எதற்கு அவிக்க வேண்டும் என்று அவள் முணுமுணுத்தாள்.

"போர்வை உடம்புக்கு. கை வெளியிலதானே இருக்கு? குளிர் பட்டா ரத்தக் குழாய் சுருங்கிக்கும். உங்க தையல் எல்லாம் வீண்" என்றார் யோடர்.

வாஸ்தவம்தான். ஆனால் இவ்வளவு சூடா? யோடர் குளிர் தாங்காத பிறவி என்பது நர்சுகளின் தீர்ப்பு. வெயில் தேடும் ஜந்து என்று 'ஓணான்' என்றே பேர் வைத்திருந்தார்கள். பிள்ளை பேரைச் சொல்லித் தனக்குக் கணப்பு மூட்டிக்கொள்கிறாராம்.

பஞ்சு எடுக்கிற சாக்கில் கார்மெலா சுவர்ப் பக்கம் நழுவினாள். சூட்டைக் குறைக்கும் பொத்தானில் விரல் இன்னும் படக்கூட இல்லை.

"கார்மெலா, கையை எடும்மா."

அந்த அம்மாளுக்கு முதுகிலும் கண்.

ஒருவழியாக லாஃபர்ட்டி ரத்தக் குழாயின் கவ்வியைத் திறந்தார். மெழுகாய் வெளுத்துக் கிடந்தது சின்னக் கை. முதலில் கட்டைவிரல் சிவந்தது. அப்புறம் உள்ளங்கை. அப்புறம் சுண்டுவிரல்.

அடுத்த கையும் அப்படியே.

லாஃபர்ட்டி மூக்கை உறிஞ்சினார். கண்ணோரம் வழிந்ததை வியர்வை என்றே வைத்துக் கார்மெலா ஒற்றிவிட்டாள்.

யோடர் இன்னொரு மயக்க டாக்டரை உட்கார வைத்துவிட்டு அவசரமாக வெளியே போனார். அடுத்த ஆபரேஷனிலாவது எங்களை வேகவைக்காதீர்கள் என்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கார்மெலா பின்னாலேயே போனாள்.

நடைக்கோடியில், ஐஸ்கட்டி மெஷின் முன்னால் நின்றிருந்தார் யோடர். முகம் தக்காளியாய்ச் சிவந்திருந்தது. உடுப்பு பிழியலாம் போல் ஈரம். தொப்பியைக் கழற்றி, அதில் ஐஸ்கட்டிகளை அள்ளிப்போட்டு, அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

"டாக்டர்... உங்களுக்குத்தானே குளிர் ஆகாது?"

"எனக்கா? மாதவிலக்கு நிக்கிற வயசும்மா. உள்ளுக்குள்ள அடுப்பு எரியுது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என் மேல இரக்கப்பட்டுக் குறைச்சிருப்பீங்க. ஓணான்னு நினைச்சா திட்டுவீங்க, குறைக்க மாட்டீங்க."

யோடர் காதோரம் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

"என் வீட்டுக்காரர்கிட்ட கேட்டுப்பாரு. ஜனவரியிலயும் ஜன்னலைத் திறந்து வெச்சுத்தான் படுக்கறேன். பாவம் மனுஷன், குல்லாவும் கையுறையும் போட்டுக்கிட்டுத் தூங்கறார்."