முதலிடத்தில் ஒரு பெயர்

"நாலு பேர் பாக்க என் பேரைச் சொல்ல உனக்குத் தைரியம் இருக்கா? இல்லைன்னா நான் ஊருக்கே போயிடறேன்."

காதலிக்கும் ஆள் இப்படிக் கேட்டால் என்ன செய்வது? லேத் ஆபரேட்டர் ஆஞ்சப்பனுக்கு இரண்டு நாளாக வழி தெரியவில்லை.

ஓசூரில் அந்த வருடம்தான், 1993இல், வீடியோ கேம் கடை வந்திருந்தது. அதிகப் புள்ளி எடுப்பவரிடம் மிஷின் பெயர் கேட்கும். கைப்பிடியை அசைத்து ஒவ்வோர் ஆங்கில எழுத்தாகப் பொறுக்கினால், கரண்ட் போகும்வரை அந்தப் பெயர் திரையில் மின்னும். ஒரே பெண்ணின் பெயரைப் போட்ட இரண்டு பேர் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, கடைக்காரர் வெங்கடப்பன் பலகை மாட்டினார்: "பெண்கள் பெயர் போட்டால் கடைக்குள் அனுமதி இல்லை."

அன்று ஆஞ்சப்பன் முதலிடம் பிடித்தான். வெங்கடப்பன் பின்னால் வந்து நின்றார்.

"டேய், பலகையைப் படிச்சியா?"

"படிச்சேண்ணா."

"எவ பேராச்சும் வந்துச்சு, ஒயரைப் பிடுங்கிடுவேன்."

ஆஞ்சப்பன் எழுத்துகளைப் பொறுக்கினான். திரையில் 'ரசூல்' என்று மின்னியது.

"யாருடா இது?"

"என்கூட வேலை செய்யறவன்ணா. அதோ, வாசல்ல நிக்கறான்."

வெங்கடப்பன் மற்றவர்களிடம் கத்தினார். "பாத்தீங்களாடா? எப்பப் பாரு காதலு, கத்திரிக்கான்னு அலையறீங்க. இவனைப் பாத்துக் கத்துக்கோங்க!"

வாசலில் ரசூல் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

பலகை தடுத்தது பெண்களின் பெயரை மட்டும்தான். ஆஞ்சப்பன் தன் காதலனின் பெயரை எல்லோரும் பார்க்கப் போட்டுவிட்டான்.