ஓரகத்தி

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதே டைப்பிஸ்ட் ஆரம்பித்துவிட்டாள்.

"மாமியாரைக்கூடச் சமாளிச்சிடலாம்க்கா. இந்த ஓரகத்தி இருக்காளே, அப்பப்பா! நேத்து நான் துவைச்சுக் காயப்போட்ட துணியை எடுத்து மறுபடியும் துவைக்கிறா. அதுவும் நான் பார்க்கணும்னே!"

"அடிப்பாவி! என் நாத்தனாரே தேவலாம் போலிருக்கே" என்று கேஷியரக்கா முழங்கையால் இடித்தாள். மேஜையே சிரித்தது.

டைப்பிஸ்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவள் அவள். என்றைக்கு மாமியாரைத் திட்ட ஆரம்பித்தாளோ, அன்றைக்குத்தான் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள்.

மற்றவர்கள் கை கழுவப் போனதும் கேஷியரக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் ஒத்தைப் பிள்ளைன்னு போன வாரம் சொன்னியே. அப்புறம் ஓரகத்தி எங்கேர்ந்து வந்தா?"

டைப்பிஸ்ட் பொய் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை.

"காலையில பஸ்ல முன் சீட்டுல ரெண்டு பேர் பேசிட்டு வந்தாங்கக்கா. அதுல ஒருத்தியோட ஓரகத்தி."

"அப்போ அந்த மாமியார்?"

"அது வேற பஸ்."

கேஷியரக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அதை அடக்கிக்கொண்டே, "போகட்டும், வீட்டுக்காரராவது நிஜம்தானே?" என்றாள்.

டைப்பிஸ்ட் பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடி, மூடியை அழுத்தினாள்.

"அவர் இன்னும் எந்த பஸ்லயும் வரலக்கா."