செவலைக்குப் படர்தாமரை

“படர்தாமரை வந்த குதிரைய எவனாச்சும் வாங்குவானா மாப்ளே?”

“விவரம் தெரிஞ்சவன் கிட்டகூட வரமாட்டான் மாமா. மத்த குதிரைக்குத் தொத்தும், மனுசனுக்கும் தொத்தும். ஏன், நம்ம செவலைக்கா?”

“சேச்சே, சும்மா கேட்டேன்.”

கால்நடை டாக்டரான மைத்துனரிடம் போன வாரம் பேசியது காலையிலிருந்து வாத்தியாரின் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. குதிரையேற்றம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மிஞ்சியிருந்த ஒரே குதிரையான செவலையை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விடுவதாக முடிவாகி, வாங்குபவர் இன்று வருகிறார். இன்றைக்கு மட்டும் ஏதாவது பிசகினால் அவ்வளவுதான்.

மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, ஒரு சின்னப் பையோடு லாயத்துக்குள் நழுவினார். வெளியே வந்தபோது செவலையின் கழுத்தில் துணி சுற்றியிருந்தது.

“எதுக்குங்க துணி?”

“ஈ மொய்க்குது.”

“கழுத்துல மட்டுமா மொய்க்கும்?” என்ற மனைவி, நல்லவேளையாக அதற்குமேல் கேட்கவில்லை.

வாங்குபவர் வந்தார். பல்லைப் பார்த்தார், குளம்பைத் தட்டிப் பார்த்தார். அவர் கழுத்தை நெருங்க நெருங்க வாத்தியாருக்கு வியர்த்தது.

“பின்பக்கமும் நல்லாப் பாத்துக்குங்க சார். அப்புறம் குறை சொல்லக் கூடாது” என்றாள் மனைவி.

பின்னால் போய் வாலைத் தூக்கிய மனிதர் துள்ளி விலகினார்.

“என்ன சார் இது, வட்டமா முடி கொட்டிக் கிடக்கு? படர்தாமரைக் குதிரைய என் தலையில கட்டப் பாத்தீங்களா?”

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே ஜீப்பில் ஏறிப் பறந்துவிட்டார்.

வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை. கழுத்துத் துணியை அவிழ்த்தார். அவரே காலையில் ரேசரால் மழித்து, டிங்சர் தடவிய வட்டம் அங்கே பத்திரமாக இருந்தது. மூடி வைத்தால் முதலில் அங்கேதான் கை வைப்பான் என்று கணக்குப் போட்டிருந்தார். செவலையைப் பிரிய அவருக்கு மனசே இல்லை. லாயத்தில் குனிந்து நிமிர முடியாத முழங்கால் வலிக்கார மனைவியிடம் அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அப்படியானால் வாலடியில் இருப்பது நிஜமான வியாதியா? பதறிப்போய்க் குனிந்து பார்த்தார். முடி கத்தரியால் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. அதன்மேல் முகப்பவுடர் கமகமத்தது.

நிமிர்ந்தார். மனைவி அவரைப் பார்க்காமல், செவலையின் பிடரியைக் கோதிக்கொண்டே சொன்னாள்:

“முடிவு பண்ண அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். உங்க முதுகு வலிய நெனச்சு வாயத் தொறக்கல... இவள விக்க வேண்டாங்க.”